பாசியைப் படித்த பேராசிரியர்

அரியலூர்ப் பக்கம் குளத்துக்குப் போகிறவர்கள் படியில் வழுக்கினால், முதலில் பாசியைத்தான் திட்டுவார்கள். தேய்த்துக் கழுவுவார்கள். அதோடு சரி.

அந்தப் பாசிக்காகவே ஒருவர் தம் ஆயுளைச் செலவிட்டார். அவர்தான் எம்.ஓ.பார்த்தசாரதி அய்யங்கார். விஞ்ஞானிகள் அவரை இந்தியப் பாசி இயலின் தந்தை என்பார்கள்.

அவர் பிறந்தது 1886-ல். சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். மரம், செடி, கொடிகளை ஆராய அப்போது ஆள் உண்டு. பாசியை ஆராயச் சிலரே இருந்தார்கள். அய்யங்கார் குளத்து நீரையும் ஈரச் சேற்றையும் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். ராமேசுவரத்தை அடுத்த குருசடைத் தீவின் கடற்பாசிகளைப்பற்றி 1927-ல் எழுதினார்.

மறுபடி மாணவர்

நாற்பது வயதைத் தாண்டியபின் அவர் சீமைக்குப் போனார். எதற்கு? படிப்பதற்கு! லண்டனில் பிரிட்ச் என்ற பேராசிரியர், பாசி ஆராய்ச்சியில் பெரும் புலவர். அவரிடம் மாணவராகச் சேர்ந்தார். ஊரில் பேராசிரியராக இருந்தவர், வேறொருவர் முன் மாணவராக உட்காருவது எல்லோராலும் ஆகிற காரியமா?

1932-ல் ஒரு புதுப் பாசியை உலகுக்கு அறிவித்தார். அதற்கு ஆசிரியரின் பெயரையே வைத்தார்: பிரிட்சியெல்லா. நல்ல குருகாணிக்கை! அது ஈர மண்ணில் வளரும். ஒரு பகுதி மண்ணுக்குள் இருக்கும். மற்றொரு பகுதி மேலே நிமிர்ந்து நிற்கும். நீரில் இருந்த தாவரங்கள் கரையேறியது எப்படி என்று யோசித்தவர்களுக்கு இந்தச் சின்னப் பாசி பெரிய தடயமாகத் தெரிந்தது.

வெந்நீரிலும் வாழும்

அவருடைய மாணவர் தேசிகாச்சாரி. நீலப்பச்சைப் பாசிகளுக்கென்றே 1959-ல் ஒரு பெரிய நூல் எழுதினார். இந்த இனத்தை இப்போது பாக்டீரியாவோடு சேர்த்துவிட்டார்கள். ஆனாலும் பழைய பெயர் போகவில்லை. கை வைக்க முடியாத வெந்நீர் ஊற்றில், 70 டிகிரி சூட்டிலும் சில வகைகள் வாழும். பனி உருகும் நீரிலும் சில வாழும். இன்னும் சில, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து நெல் வயலுக்குத் தரும். பெரம்பலூர் விவசாயிக்குக் காசில்லாமல் கிடைக்கும் உரம் அது.

அரியலூரில் இன்னொரு அதிசயம். பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. நின்னியூர்ப் பகுதிச் சுண்ணாம்புப் பாறைகளில், கல்லாகிப்போன பாசிகள் உண்டு. அவை வேறு இனம். மைசூர் ராஜ்யத்துப் பேராசிரியர் ராமராவும், பியா என்ற ஐரோப்பியரும் அவற்றைப்பற்றி 1936-ல் எழுதினார்கள்.

நீரில் பச்சை மணிபோல் உருளும் வால்வாக்ஸ் என்று ஒரு பாசி உண்டு. அதன் குடும்பத்தை ஆராய்வதில் அய்யங்காருக்குத் தனிப் பிரியம். அதைப்பற்றிய பெரிய நூல் வெளிவருவதற்குள், 1963-ல் அவர் காலமானார். நூல் 1981-ல் வந்தது. அட்டையில் இரண்டு பெயர்கள் இருந்தன: அய்யங்கார், தேசிகாச்சாரி.