மலைக்காட்டில் ஒரு இளவரசர்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், அலெகெனி மலைப்பகுதியில் லொரெட்டோ என்னும் சிற்றூர் உள்ளது. அதன் வரலாறு ஒரு குருவானவரின் வாழ்வோடு பின்னிப் பிணைந்தது.

திமெத்ரியுஸ் கலிட்சின் 1770இல் ஹேக் நகரில், ரஷ்யத் தூதுவராயிருந்த இளவரசரின் மகனாகப் பிறந்தார். 1787இல் கத்தோலிக்கத் திருமறையைத் தழுவினார். 1792இல் நாடு பார்க்க அமெரிக்கா வந்தவர், பால்டிமோர் குருமடத்தில் சேர்ந்தார். 1795இல் ஆயர் ஜான் கரோல் அவருக்குக் குருப்பட்டம் அளித்தார். இளவரசர் என்பதை மறைத்து, ஸ்மித் என்னும் எளிய பெயரில் பணியாற்றினார்.

1799இல் மலைக்காட்டில் குடியேறியிருந்த ஒருசில கத்தோலிக்கக் குடும்பங்களிடம் வந்தார். மரக்கட்டைகளால் கோவில் எழுப்பி, அவ்வாண்டு கிறிஸ்மஸ் திருவிழாவில் அங்கே முதல் திருப்பலி நிறைவேற்றினார். நிலம் வாங்கி ஏழைகளுக்கு மலிவாகக் கொடுத்தார். மாவரைக்கவும் மரம் அறுக்கவும் ஆலைகள் அமைத்தார். தந்தையின் சொத்து வரும் என்று நம்பிக் கடன் வாங்கினார். ஆனால் அவர் கத்தோலிக்கக் குரு என்பதால் ரஷ்ய அரசு அச்சொத்தை அவருக்கு மறுத்தது. கடன் கழுத்தை நெரித்தது. சொந்த மக்களில் சிலரே அவரை எதிர்த்து அவதூறு பேசினர். அப்போதும் அவர் மந்தையை விட்டுப் போகவில்லை. குதிரையிலிருந்து விழுந்து காயமுற்ற பிறகும், சறுக்கு வண்டியில் சென்று மக்களைச் சந்தித்தார்.

41 ஆண்டுகள் அங்கேயே உழைத்து, 1840 மே 6 அன்று இறைவனடி சேர்ந்தார். 2005இல் திருச்சபை அவரை இறையடியார் என அறிவித்தது.

அன்பார்ந்தவர்களே, அவர் இழந்தது ஓர் அரண்மனை. விட்டுச் சென்றதோ விசுவாசமுள்ள ஓர் ஊர். நம் பங்கில் யாராவது நம்மைக் குறை சொன்னவுடன் பணியை விட்டு விலகிவிடுகிறோமே, நாம் எதை விட்டுச் செல்லப்போகிறோம்?