வாயில்லா ஜீவன்களுக்காக வழக்காடிய அம்மையார்

நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறையே பிறந்த நாள் கொண்டாடும் பேறு பெற்றவர்கள் உலகில் மிகச் சிலர். திருமதி ருக்மிணி தேவி அருண்டேல் அச்சிலருள் ஒருவர். அவர் 1904-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 29-ஆம் நாள் மதுரை மாநகரில் பிறந்தார். கிருஷ்ணன்கோவில் சென்று பேருந்து பிடித்தால் நாம் எளிதில் போய்ச் சேர்ந்துவிடும் அதே மதுரைதான். பரதநாட்டியம் என்றதும் அவர் பெயரை எல்லோரும் சொல்லிவிடுவோம். நம் பள்ளி விழா மேடையில் சலங்கை கட்டி ஆடும் மாணவியருக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. ஆனால் நுகத்தடியில் கழுத்துப் புண்ணான காளைக்காகவும், பால் வற்றித் தெருவில் விடப்பட்ட பசுவுக்காகவும் டில்லிப் பாராளுமன்றத்தில் எழுந்து நின்றவரும் அவரே என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஆதலால் நாட்டியத்தைச் சுருக்கிக்கொண்டு, இந்தப் பக்கத்தையே நாம் விரித்து எழுத விரும்புகிறோம்.

தந்தையார் நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறையில் பொறியாளர். தாயார் சேஷம்மாள். பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்ட தந்தையார், ஓய்வு பெற்றபின் குடும்பத்துடன் சென்னை அடையாற்றில் அச்சபையின் அருகிலேயே குடியேறினார். அங்கேதான் அன்னி பெசன்ட் அம்மையாருடனும், ஆங்கிலேயரான கல்வியாளர் ஜார்ஜ் அருண்டேலுடனும் பழக்கம் ஏற்பட்டது. 1920-ஆம் ஆண்டில், பதினாறு வயதில், அருண்டேலை ருக்மிணி மணந்தார். பிராமணக் குலத்துப் பெண் ஒரு வெள்ளைக்காரரை, அதுவும் தம்மினும் இருபத்தைந்து வயது மூத்தவரை மணப்பதா என்று சென்னையே கொதித்தது. பிறகு, 1935-இல் பிரம்மஞான சபையின் வைர விழாவில் அவர் மேடையேறிச் சதிர் ஆடியபோதும் ஊர் முகம் சுளித்தது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் முறையாகப் பயின்ற கலை அது. அடுத்த ஆண்டு, 1936-இல், கலாக்ஷேத்திரம் பிறந்தது. ஊர் வாய்க்கு அஞ்சாமல் இருக்கும் பழக்கம் அவருக்கு இப்படி இளமையிலேயே கைவந்துவிட்டது. பின்னாளில் மாட்டுக்கும் குரங்குக்கும் வாதாட எழுந்து ஏளனத்துக்கு ஆளானபோது அப்பழக்கம் பெரிதும் கைகொடுத்திருக்கும் என்றே நாம் எண்ணுகிறோம்.

1952-ஆம் ஆண்டில் அவர் ராஜ்ய சபைக்கு நியமன உறுப்பினரானார். அவ்வாறு நியமனம் பெற்ற முதற் பெண்மணி அவரே. கலைக்காகக் கிடைத்த பதவியாதலால் அவர் கலையைப் பற்றியே பேசுவார் என்று பலரும் எதிர்பார்த்திருப்பார்கள். அவரோ 1953-இல் விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் மசோதா ஒன்றைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டு வந்தார். அதற்கு முன் 1890-ஆம் ஆண்டின் வெள்ளையர் காலச் சட்டம் ஒன்று இருந்தது. அதன்படி வீட்டில் வளர்ப்பவையும் பிடித்து அடைக்கப்பட்டவையுமே விலங்குகள். ஏனைய உயிர்களுக்கு அதில் இடமில்லை.

1954-இல் அம்மசோதா விவாதத்துக்கு வந்தது. பிரதமர் நேரு அதன் நோக்கத்தைப் போற்றினார். ஆனால் மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படியும், அரசே குழு அமைத்து ஆராய்ந்து முழுமையான சட்டம் கொண்டுவரும் என்றும் கேட்டுக்கொண்டார். அம்மையார் இசைந்தார். இது தோல்விதானே என்று சிலர் கேட்கக்கூடும். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. தனிநபர் மசோதா சட்டமாவது அரிதினும் அரிது. அப்படியே ஆனாலும் பணமும் ஆளும் தராத சட்டம் ஏட்டுச் சுரைக்காய். அரசின் வாக்குறுதியைப் பெற்றுக்கொண்டு அதை அவர் விடாமல் பின்தொடர்ந்தார். மசோதாவைக் கொண்டுவந்ததிலிருந்து ஏழு ஆண்டுகள் கழிந்தபின், 1960-ஆம் ஆண்டு டிசம்பரில், விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதில் விலங்கு என்ற சொல்லுக்கு மனிதன் நீங்கலான எந்த உயிரும் என்று பொருள் சொல்லப்பட்டது.

சட்டப் புத்தகம் படிப்பது நம் வயதுக்குச் சலிப்பூட்டும் வேலைதான். ஆயினும் அச்சட்டத்தின் 11-ஆம் பிரிவைப் படித்தால் நம் தெருவையே பார்த்து எழுதியது போல் இருக்கும். அடிப்பதும், தாங்காத பாரம் ஏற்றுவதும், நோயும் புண்ணும் உள்ள மாட்டை வேலை வாங்குவதும் குற்றம். திரும்பக்கூட இடமில்லாத கூண்டில் அடைப்பதும் குற்றம். நாயைக் குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதும் குற்றமே. வளர்த்தவரே தீனியும் தண்ணீரும் கொடுக்காதிருப்பதும், பட்டினி கிடக்கும்படி கைவிட்டுவிடுவதும் அவ்வாறே. இச்சட்டத்தின் கீழ் 1965-இல் வண்டி மாடுகளுக்கும் பொதி சுமக்கும் விலங்குகளுக்கும் விதிகள் வந்தன. நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓய்வின்றி ஓட்டக்கூடாது. வெயில் 37 டிகிரி செல்ஷியஸைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை ஓட்டவே கூடாது. ஆணி வைத்த தார்க்குச்சிக்கும் தடை. சித்திரை வெயிலில் நம் பக்கத்துச் செம்மண் சாலையில் நடந்து பார்த்தவருக்கு, அந்த 37 டிகிரியின் அருமை தெரியும்.

குறையும் சொல்லத்தான் வேண்டும். முதல் தடவை குற்றம் செய்தவருக்கு அச்சட்டம் விதித்த அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. 1960-இல் அது ஏழை வண்டிக்காரருக்குப் பெருந்தொகை. பிற்காலத்தில் அது தேநீர்க் காசாகிவிட்டது. உணவுக்காக விலங்குகளைக் கொல்வதை அச்சட்டம் தடுக்கவில்லை. ஆராய்ச்சிக்கும் இடம் விட்டது. அம்மையாரோ வாழ்நாள் முழுதும் மரக்கறி உணவே கொண்டவர். சர்வதேச சைவ உணவாளர் சங்கத்தின் துணைத்தலைவராகவும் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை நம் வீடுகளில் கறிக்குழம்பு கொதிக்கும்போது அவரை நினைத்தால் நமக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் தம் கொள்கை முழுவதும் நிறைவேறினாலன்றி வேண்டாம் என்று அவர் ஒதுங்கவில்லை. கிடைத்ததை வாங்கிக்கொண்டு மேலும் கேட்டார். ஜல்லிக்கட்டு வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டதும் இந்தச் சட்டத்தைத்தான். 2017-இல் தமிழ்நாடு இதற்குத் திருத்தம் செய்ததையும், 2023-இல் நீதிமன்றம் அத்திருத்தத்தை ஏற்றதையும் பெரியவர்கள் அறிவார்கள்.

சட்டத்தின்படி 1962-இல் விலங்குகள் நல வாரியம் சென்னையில் அமைந்தது. அம்மையார் அதன் முதல் தலைவரானார். வாரியத்தின் கடமைகளில் ஒன்று நம் கவனத்தைக் கவர்கிறது. முதுமையடைந்து பயனற்றுப்போன விலங்குகளும், காப்பாற்ற ஆளில்லாதவையும் தங்குவதற்கான இல்லங்கள் ஏற்படப் பொருளுதவி செய்து ஊக்குவிக்க வேண்டும் என்பது அது. கொட்டகை போடுதல், தண்ணீர்த் தொட்டி கட்டுதல், வைத்திய உதவிக்கு வழி செய்தல் ஆகியவையும் பட்டியலில் உண்டு. இல்லங்களை அரசு நடத்தும் என்று அங்கே எழுதப்படவில்லை. ஊக்குவிக்கும் என்றே உள்ளது. நடத்த வேண்டியவர்கள் ஊரார்.

ஊரார் நடத்தியதற்குச் சான்றுகள் நம் நாட்டில் உண்டு. சென்னையில் பிஞ்சராப்போல் என்னும் மாட்டு இல்லம் 1906-இலேயே தொடங்கியது. அங்கே கிழட்டு மாடுகளுக்கு இடம் கிடைத்தது. 1959-இல் கேப்டன் சுந்தரம் என்ற விமானி தம் குடும்பத்தாருடன் தம் வீட்டிலேயே தொடங்கிய பணிதான் புளூ கிராஸ் ஆயிற்று. தெருநாய்களைக் கொல்லாமல், கருத்தடை செய்து விடும் முறையை 1964 முதலே அது முயன்று பார்த்தது. 2001-இல் அம்முறையே நாடு முழுவதற்கும் விதியாயிற்று. ஒரு வீட்டு முற்றத்தில் தொடங்கியது எவ்வளவு தூரம் போயிற்று, பாருங்கள்!

நம் ஊர்ப் பக்கமும் இதற்கு அந்நியமன்று. பட்டி என்றால் முதலில் மாடும் ஆடும் அடையும் தொழுவம்; அதன் பிறகே சிற்றூர். ஊர்ப் பெயரிலேயே தொழுவத்தைச் சுமந்துகொண்டிருக்கிறோம். குளத்தங்கரையில் மாடு குடிக்கக் கல்தொட்டியும், அது முதுகு உரசிக்கொள்ள ஆவுரிஞ்சு கல்லும் நட்டு வைப்பதைத் தர்மமாகக் கருதியவர்கள் நம் முன்னோர். பின்னர் 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பவுண்டு வந்தது. பயிர் மேய்ந்த மாட்டை அங்கே அடைத்து, அபராதம் கட்டினால் அவிழ்த்து விடுவார்கள். அது உடையவனுக்குத் தண்டனையே ஒழிய மாட்டுக்கு அடைக்கலம் அன்று.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. நமக்கெல்லாம் பெருமை. அந்தப் பாலைக் கறந்த பசுவுக்கு மடி வற்றியபின் என்ன நேர்கிறது? காளைக்கன்று பிறந்தால் அதற்கு என்ன நேர்கிறது? டிராக்டர் வந்தபின் உழவு மாடுகள் எங்கே போயின? அடிமாட்டுக்கு விற்பது என்ற ஒரு சொல்லில் இம்மூன்றுக்கும் விடை அடங்கிவிடுகிறது. விற்பவரையும் நாம் குறை சொல்ல மாட்டோம். மழை பொய்த்த ஆண்டில் பிள்ளைகளுக்குச் சோறு போடுவதா, கிழட்டு மாட்டுக்கு வைக்கோல் வாங்குவதா என்ற கேள்வி அவர் வீட்டில் எழுகிறது. ஒரு வீடு தாங்க முடியாததை ஊர் தாங்கலாம் என்பதே இல்லங்களின் கணக்கு. 2005-இல் அஞ்சல் தலையில் இடம்பெற்ற ராஜபாளையம் நாயின் கதையும் ஏறக்குறைய இதுதான். வெள்ளை வெளேரென்ற குட்டிக்கு வெளியூரிலிருந்து ஆள் வருவார்கள். அவற்றுள் காது கேளாத குட்டி பிறந்தால் வாங்க ஆள் இராது.

அம்மையார் வேறு வழக்குகளையும் விடவில்லை. ஆராய்ச்சிக் கூடங்களுக்காக நம் நாட்டுக் குரங்குகளைக் கப்பலிலும் விமானத்திலும் நெருக்கி அடைத்து அனுப்புவதை எதிர்த்துப் பேசிவந்தார். 1977-இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் அவரைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்கும்படி கேட்டார். அவர் மறுத்துவிட்டார். அடுத்த ஆண்டு, 1978-இல், தேசாய் அரசு குரங்கு ஏற்றுமதியை நிறுத்தியது. முதற்குடிமகள் ஆகும் வாய்ப்பை வேண்டாம் என்ற அதே அம்மையார், வாரியத் தலைமையை மட்டும் முதுமையிலும் விடாமல் சுமந்தார். 1986-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் காலமானார். எண்பத்திரண்டு நிறைய ஐந்தாறு நாட்களே இருந்தன.

அவர் தொடங்கிய வாரியத்தின் அலுவலகம் பிற்காலத்தில் வடக்கே ஹரியானாவுக்குப் போய்விட்டது. ஆண்டுதோறும் ஜனவரி 14 முதல் 31 வரை விலங்கு நல நாட்கள் என்று நாடெங்கும் கொண்டாடுகிறார்கள். நம் மாட்டுப் பொங்கலும் அதற்குள் வந்துவிடுகிறது. இல்லம் நடத்துபவர்களுக்கோ அந்நாட்களைவிட மற்ற நாட்களே கடினமானவை. வளர்ந்த மாடு ஒன்று கோடையில் நாளொன்றுக்கு 40 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் குடிக்கும். ஐந்தாறு கிலோ வைக்கோலாவது தின்னும். பத்து மாடுகள் என்றால் ஒரு மாதத்துக்கு ஒன்றரை டன்னுக்கு மேல். வத்திராயிருப்புப் பக்கம் அறுப்பு முடிந்த களத்தில் வைக்கோல் மலிவாகக் கிடைக்கும் போதே வாங்கிப் படப்பு போட்டுவிட வேண்டும். வீட்டுக் கழுநீரையும் காய்கறித் தோலையும் சாக்கடையில் கொட்டாமல் குடத்தில் சேர்த்து வைத்தால் அது தினமும் உதவும். பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் வாங்கக் காசு வேண்டும். பழைய கோணிச் சாக்குகள் மார்கழிப் பனிக்கு ஆகும். கால்நடை மருத்துவர் வாரம் ஒரு முறை எட்டிப் பார்க்க வேண்டும். நோயுற்ற நாயின் கூண்டைக் கழுவ யாராவது ஒருவர் விடியற்காலையில் எழுந்து வரவும் வேண்டும்.