போதிசேனர்

போதிசேனர் (704 – 760) தென்னிந்தியாவில் பிறந்து, சீனா வழியாக ஜப்பானுக்குச் சென்று, அந்நாட்டின் அக்காலத் தலைநகரமான நாராவில் வாழ்ந்து மறைந்த பௌத்தத் துறவி ஆவார். 752ஆம் ஆண்டில் நாராவின் தோதாய்ஜி கோயிலிலுள்ள பெரிய புத்தர் சிலைக்குக் கண் திறந்தவர் இவரே. ஜப்பானிய மொழியில் இவர் பெயர் போதாய்சென்னா என வழங்குகிறது. பிராமணத் தலைமைத் துறவி என்னும் பொருள்படும் பரமோன் சோஜோ என்ற பெயராலும் இவர் அறியப்படுகிறார். ஜப்பானில் குடியேறி வாழ்ந்த இந்தியர்களுள் பெயரும் வரலாறும் எழுத்தில் தெளிவாகப் பதிவாகியுள்ள முதலாமவராக இவர் கருதப்படுகிறார்.

பிறப்பும் பின்னணியும்

போதிசேனரின் வாழ்க்கையை அறிய உதவும் முதன்மைச் சான்று, அவர் மறைந்து பத்து ஆண்டுகளுக்குப் பின் 770இல் அவருடைய மாணவர் ஷூயெய் இயற்றிய நினைவுக் கல்வெட்டு வாசகம் ஆகும். அதன் தலைப்பே அவரைத் தென்னிந்தியப் பிராமணத் தலைமைத் துறவி என்று குறிக்கிறது. அதில் காணப்படும் குலப்பெயர் பரத்துவாச கோத்திரத்தைச் சுட்டுவதாகப் பொருள் கொள்ளப்படுகிறது. அவர் மதுரையைச் சேர்ந்தவர் என்று இந்தியாவில் எழுதுவோர் சிலர் கூறுவர். ஆனால் இது பிற்காலத்தில் பரவிய கருத்தாகும். பழைய சான்றுகள் உறுதியாகச் சொல்வது தென்னிந்தியா என்ற அளவிலேயே அமைந்துள்ளது.

அவர் பிறந்த காலத்தில் காஞ்சியில் பல்லவரும் மதுரையில் பாண்டியரும் ஆண்டனர். தமிழகத்தில் பக்தி இயக்கம் வலுப்பெற்று, பௌத்தம் செல்வாக்கு இழந்து வந்தது. அதே வேளையில் தென்னிந்தியாவிலிருந்து கடல்வழியாகக் கீழை நாடுகளுக்குத் துறவிகள் செல்வதும் வழக்கமாக இருந்தது. தென்னிந்தியரான வச்சிரபோதி 720ஆம் ஆண்டளவில் சீனாவை அடைந்து, மந்திரயான நூல்களை மொழிபெயர்த்துப் புகழ்பெற்றார். போதிசேனரும் இத்தலைமுறையைச் சேர்ந்தவரே.

சீனாவில்

போதிசேனர் தாங் மரபினர் ஆண்ட சீனாவுக்குச் சென்று தங்கினார். மஞ்சுசிறீ போதிசத்துவரின் இருப்பிடமாகக் கருதப்பட்ட வூதாய் மலையை வழிபட அவர் சென்றார் என மரபுக்கதைகள் கூறுகின்றன. ஜப்பான் அரசு 733இல் தஜிஹி நோ ஹிரோனாரி தலைமையில் சீனாவுக்கு ஒரு தூதுக்குழுவை அனுப்பியது. அறிஞர்களையும் துறவிகளையும் நூல்களையும் நாட்டிற்குக் கொண்டுவருவது இத்தகைய குழுக்களின் பணிகளுள் ஒன்றாகும். ஹிரோனாரியும், ரிக்கியோ என்னும் ஜப்பானியத் துறவியும் போதிசேனரை ஜப்பானுக்கு வருமாறு அழைத்தனர். அவரும் இசைந்தார்.

ஜப்பானுக்கு வருகை

734இல் திரும்பிப் புறப்பட்ட தூதுக்குழுவின் நான்கு கப்பல்களும் புயலில் சிக்கிப் பிரிந்தன. துணைத்தூதர் நகதோமி நோ நாஷிரோவின் கப்பல் மீண்டும் சீனக் கரைக்கே அடித்துச் செல்லப்பட்டது. அக்குழு 736இல்தான் ஜப்பானை அடைந்தது. அதில் போதிசேனருடன் சீனத் துறவி தோசென், சம்பா நாட்டைச் (இன்றைய நடு வியட்நாம்) சேர்ந்த துறவி புத்தெட்சு ஆகியோரும் வந்தனர். பாரசீகர் ஒருவரும் அக்குழுவினருடன் வந்ததாக ஷோகு நிஹோங்கி என்னும் அரச வரலாற்று நூல் (797) குறிப்பிடுகிறது.

அவ்வாண்டின் ஐந்தாம் மாதத்தில் கியூஷூ தீவிலுள்ள தசாய்ஃபுவிலும், எட்டாம் மாதத்தில் இன்றைய ஒசாக்காவான நனிவா துறையிலும் அவர்கள் வந்திறங்கினர். மக்களிடையே பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்த முதிய துறவி கியோகி (668 – 749) நனிவாவுக்கே சென்று போதிசேனரை வரவேற்றார். முன்பின் அறியாத இருவரும் பழைய நண்பர்களைப் போல் பேசிக்கொண்டதாகவும், பாக்கள் பரிமாறிக்கொண்டதாகவும் பின்னாளில் கதைகள் எழுந்தன. போதிசேனர் தேடிச் சென்ற மஞ்சுசிறீயே கியோகியாக ஜப்பானில் பிறந்திருந்தார் என்பது அக்கதைகளின் கருத்து.

நாராவில் வாழ்க்கை

ஹெய்ஜோகியோ என்று அப்போது அழைக்கப்பட்ட நாரா, 710இல் தலைநகரமாக்கப்பட்டது. சீனத் தலைநகர் சாங்கானைப் பின்பற்றி, நேர்த்தெருக்கள் ஒன்றையொன்று வெட்டும் கட்ட அமைப்பில் அது திட்டமிடப்பட்டிருந்தது. போதிசேனருக்கு அரசு ஆதரவு பெற்ற பெருங்கோயில்களுள் ஒன்றான தாயன்ஜியில் இடம் அளிக்கப்பட்டது. தோசெனும் புத்தெட்சுவும் அங்கேயே தங்கினர். சீனாவில் பல ஆண்டுகள் பயின்று திரும்பிய தோஜி என்னும் துறவி அக்கோயிலுடன் தொடர்பு கொண்டிருந்ததால், அயல்நாட்டார் தங்குவதற்கு அது ஏற்ற இடமாக இருந்தது. 736இன் பத்தாம் மாதத்தில் போதிசேனருக்கும் தோசெனுக்கும் பருவத்திற்கேற்ற உடைகளை அரசு வழங்கியது என்ற செய்தி ஷோகு நிஹோங்கியில் உள்ளது. வெப்ப நாட்டிலிருந்து வந்தவர் நாராவில் கழிக்கவிருந்த முதற் குளிர்காலம் அது.

அவர் வந்து சேர்ந்த காலம் நாட்டிற்குக் கொடிய காலமாக இருந்தது. 735இல் கியூஷூவில் தோன்றிய பெரியம்மை 737இல் நாடெங்கும் பரவியது. மக்கள்தொகையில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இந்நோயால் அழிந்திருக்கலாம் என வரலாற்றாளர்கள் மதிப்பிடுகின்றனர். ஆட்சியில் ஓங்கியிருந்த புஜிவாரா குடும்பத்துச் சகோதரர் நால்வரும் 737ஆம் ஆண்டு ஒன்றிலேயே இறந்தனர். 740இல் கிளர்ச்சி ஒன்று எழுந்தபின் பேரரசர் ஷோமு (ஆட்சி 724 – 749) நாராவை விட்டு நீங்கி, 745 வரை தலைநகரை வெவ்வேறு இடங்களுக்கு மாற்றினார்.

இத்துன்பங்களிலிருந்து நாட்டைக் காக்கப் பௌத்தமே வழி என்று ஷோமு நம்பினார். 741இல் மாநிலந்தோறும் கோயில்கள் கட்ட ஆணையிட்டார். 743இல் வைரோசன புத்தருக்கு மாபெரும் வெண்கலச் சிலை வார்க்கும் உறுதிமொழியை வெளியிட்டார். வைரோசனர் அவதம்சக சூத்திரத்தின் மைய புத்தர் ஆவார். போதிசேனர் நாள்தோறும் ஓதி வந்ததும் அச்சூத்திரமே. இதனால் அயல்நாட்டுத் துறவியின் சொந்த வழிபாடும் அரசின் பெருந்திட்டமும் ஒன்றுபட்டன. 751இல் அவர் சோஜோ என்னும் உயர் துறவிப் பதவியில் அமர்த்தப்பட்டார்.

பெரிய புத்தரின் கண்திறப்பு

சுமார் 15 மீட்டர் உயரமும் ஏறத்தாழ 500 டன் செம்பும் கொண்ட இச்சிலையின் வார்ப்பு 747இல் தொடங்கி 749இல் முடிந்தது. பணியை முன்னின்று நடத்திய குநினாகா நோ கிமிமாரோ, கொரியாவின் பேக்சே அரசு வீழ்ந்தபின் ஜப்பானில் குடியேறியவரின் பேரன் ஆவார். முலாம் பூசுவதற்கு வேண்டிய பொன் 749இல் வடக்கிலுள்ள முட்சு மாநிலத்தில் கண்டெடுக்கப்பட்டது.

சிலைக்கு விழிகளை வரைந்து உயிரூட்டும் சடங்கு கண்திறப்பு எனப்படும். தமிழகக் கோயில்களில் சிற்பி சிலைக்குக் கண் திறப்பதோடு இதனை ஒப்பிடலாம். முடிதுறந்திருந்த ஷோமு தாமே இதனைச் செய்ய வேண்டியவராயினும் உடல்நலம் குன்றியிருந்தார். தமக்குப் பதிலாகத் தூரிகை பிடிக்கத் தகுந்தவர் போதிசேனர் ஒருவரே எனக் கருதி, அவருக்கு அழைப்பு மடல் அனுப்பினார். புத்தர் பிறந்த நாட்டிலிருந்து வந்தவர் என்பது இத்தேர்வுக்கு முக்கியமான காரணம் எனக் கருதப்படுகிறது. இந்தியரின் கையால் கண் திறக்கப்படுவது, கடல்கடந்த தீவு நாட்டின் பௌத்தத்தை அதன் பிறப்பிடத்தோடு நேரே இணைத்தது.

752ஆம் ஆண்டு நான்காம் மாதம் ஒன்பதாம் நாள் விழா நடைபெற்றது. ஷோமு, அரசி கோமியோ, அவர்களின் மகளும் அப்போதைய ஆட்சியாளருமான பேரரசி கோகென் ஆகியோர் கலந்துகொண்டனர். பத்தாயிரம் துறவிகள் கூடியதாகக் கூறப்படுகிறது. போதிசேனர் தூரிகையால் விழிகளை வரைந்தார். அத்தூரிகையில் நீண்ட நீலநிற நூல்கள் கட்டப்பட்டிருந்தன. திரண்டிருந்தோர் அந்நூல்களைப் பற்றிக்கொண்டு, தாமும் கண் திறந்த பேற்றைப் பெற்றனர். தோசெனும் இச்சடங்கில் முக்கியப் பொறுப்பேற்றார்.

அத்தூரிகையும் நூலும் நாராவின் ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. 1180இல் போரில் கோயில் எரிந்து சிலை சிதைந்தது. அது செப்பனிடப்பட்டு 1185இல் மீண்டும் கண் திறக்கப்பட்டபோது, முடிதுறந்த பேரரசர் கோ-ஷிராகாவா போதிசேனரின் அதே தூரிகையைப் பயன்படுத்தினார்.

இசையும் எழுத்தும்

ரின்யூகாக்கு எனப்படும் ஆடலிசை வகையைப் போதிசேனரும் புத்தெட்சுவும் ஜப்பானில் கற்பித்தனர் என்பது மரபு. இவ்வகையைச் சேர்ந்த சில உருப்படிகள் ககாக்கு என்னும் அரசவை இசையில் இன்றும் நிகழ்த்தப்படுகின்றன.

ஜப்பானிய எழுத்துகளின் அகரவரிசை போதிசேனரால் அமைந்தது என்றும் சிலர் கூறுவர். அவ்வரிசையின் உயிர்கள் அ, இ, உ, எ, ஒ என அமைவதும், மெய்கள் க, ச, த, ந எனத் தொடர்வதும் இந்திய ஒலியியல் முறையைக் காட்டுகின்றன. தமிழ் மாணவர் இவ்வொற்றுமையை எளிதில் உணரலாம். எனினும் இவ்வரிசையைக் காட்டும் பழைய ஏடுகள் 11ஆம் நூற்றாண்டளவிலேயே கிடைக்கின்றன. சித்தம் என்னும் இந்திய எழுத்துமுறையைத் துறவிகள் பல தலைமுறைகளாகப் பயின்றதன் விளைவாக இது உருவானது என்பதே அறிஞர் பலரின் கருத்து. போதிசேனரை அப்பயிற்சியின் தொடக்கக் காலத்தவராகக் கொள்வது பொருந்தும். வரிசையை வகுத்தவர் என்பதற்குச் சான்று இல்லை.

இறுதிக் காலம்

பலமுறை கடலில் தோற்று, பார்வையும் இழந்த நிலையில் சீனத் துறவி கஞ்ஜின் 754இல் நாராவை வந்தடைந்தார். அவரைச் சென்று கண்டவர்களுள் போதிசேனரும் தோசெனும் இருந்தனர். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் கியோகியால் வரவேற்கப்பட்டவர், இப்போது வரவேற்பவரானார்.

போதிசேனர் இந்தியாவுக்குத் திரும்பவில்லை. 760ஆம் ஆண்டு இரண்டாம் மாதம் 25ஆம் நாள், மேற்கு நோக்கிக் கைகூப்பிய நிலையில் அவர் மறைந்ததாக நினைவு வாசகம் கூறுகிறது. மேற்கு என்பது அமிதாப புத்தரின் தூய நிலம் இருப்பதாகக் கருதப்படும் திசையாகும். ஜப்பானிலிருந்து நோக்கினால் இந்தியாவும் மேற்கிலேயே உள்ளது. அவருடைய உடல் நாராவின் மேற்கே தோமி மலையில் அடக்கம் செய்யப்பட்டது.

நினைவு

நாராவின் மேற்குப் பகுதியிலுள்ள ரியோசென்ஜி கோயில் போதிசேனருடன் நெருங்கிய தொடர்புடையது. அவ்விடத்தின் மலையமைப்பு, புத்தர் அறமுரைத்த இராசகிருகத்துக் கழுகுமலையை ஒத்திருந்ததால் அப்பெயரை அவர் இட்டார் எனக் கோயில் வரலாறு கூறுகிறது. அவருடைய கல்லறை அங்குள்ளது. கோயிலின் இன்றைய முதன்மை மண்டபம் 1283இல் கட்டப்பட்டதாகும்.

தோதாய்ஜி கோயில், தன்னை உருவாக்கிய நான்கு புனிதர்களாகப் பேரரசர் ஷோமு, முதல் தலைவர் ரோபென், கியோகி, போதிசேனர் ஆகியோரைப் போற்றுகிறது. நால்வரும் ஒன்றாக அமர்ந்துள்ள ஓவியங்கள் அக்கோயிலில் உள்ளன. அவர்களுள் ஜப்பானுக்கு வெளியே பிறந்தவர் போதிசேனர் ஒருவரே. தோதாய்ஜி உள்ளிட்ட பண்டைய நாராவின் வரலாற்றுச் சின்னங்கள் 1998இல் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியக் களங்களாக அறிவிக்கப்பட்டன.