இறைவனை அறிதல்: எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை நடந்த வழி

என் தாய்மாமா திருமுழுக்குப் பெற்றுக் கிறிஸ்தவரானபோது நான் படிவம் இரண்டில் படித்துக்கொண்டிருந்தேன். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் ஆண்டுதோறும் உறுமி அடித்தவர் அவர். அன்றிலிருந்து பாட்டி அவர் வீட்டில் கை நனைப்பதில்லை. கடவுளைத் தனிப்பட்ட முறையில் அறிந்துகொண்டதாக மாமா சொன்னார். அப்படியானால் இத்தனை காலம் கும்பிட்ட நாங்களெல்லாம் அறியாதவர்களா என்று பாட்டி கேட்டார். மாமாவிடம் பதில் இல்லை. எனக்கும் கோபம்தான். சாமியோடு சேர்த்துத் தமிழையும் விட்டுவிட்டார் என்றே நினைத்தேன்.

ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளி, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி என்று வளர்ந்தவர்களில் நானும் ஒருவன். நன்னெறிப் பாடத்தில் முதல் நெறியே இறை நம்பிக்கைதான். அதன் விளக்கத்தை மலாயில் ஒரு சொல் பிசகாமல் மனனம் செய்தோம், எழுதினோம், நல்ல புள்ளிகளும் வாங்கினோம். இறைவனைப் பற்றி எழுதத் தெரிவதும் இறைவனை அறிவதும் ஒன்றா என்று அப்போது யோசித்ததில்லை.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டில் கிறிஸ்தவத் தமிழ்க் காப்பியங்கள் பற்றி இடுபணி ஒன்று வந்தது. குலுக்கலில் எனக்குக் கிடைத்தவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. விருப்பமின்றித்தான் நூலகத்திற்குச் சென்றேன். ஆனால் என் வீட்டுக் கேள்விக்கான விடையின் ஒரு பகுதி அங்கே காத்திருந்தது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

கிருஷ்ண பிள்ளை 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பு என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை சங்கர நாராயண பிள்ளை. தாய் தெய்வநாயகி அம்மாள். வைணவ வேளாளர் குடும்பம். கம்பராமாயணம் ஓதப்பட்ட வீடு அது. கம்பனும் ஆழ்வார்களும் சிறு வயதிலேயே அவர் நாவில் குடியேறிவிட்டனர். இலக்கணமும் இலக்கியமும் முறையாகக் கற்றுத் தமிழ்ப் புலவராக வளர்ந்தார்.

1853இல் அவருக்குச் சாயர்புரத்தில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப்பை நாம் அறிவோம். அவர் இளமையில் ஊன்றி வளர்த்த கல்விக்கூடம்தான் சாயர்புரத்தில் இருந்தது. கிருஷ்ண பிள்ளை அங்கே போனது மதம் மாற அன்று, தமிழ் கற்பிக்க. நெற்றியில் திருமண்ணோடு கிறிஸ்தவ மாணவர்களுக்கு நன்னூல் சொல்லிக்கொடுக்கும் வைணவ ஆசிரியரை எண்ணிப் பாருங்கள். சுற்றிலும் வேதாகமம் ஓதப்படுகிறது. அந்நூல் சொல்லும் செய்திகள் அவர் காதில் விழுகின்றன. ஆனால் அதை நம்பவேண்டிய தேவை அவருக்கு இல்லை. ஒரு புலவர் பிற சமய நூல் ஒன்றை அறிந்து வைத்திருப்பதைப் போலவே அவரும் அதை அறிந்திருந்தார்.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. தம்பி முத்தையா பிள்ளை அவருக்கு முன்பே கிறிஸ்தவத்தைத் தழுவினார். வீட்டிற்குள்ளேயே கேள்வி நுழைந்துவிட்டது. கிருஷ்ண பிள்ளை படித்தார், உரையாடினார், தயங்கினார். அவர் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. அக்காலத் திருநெல்வேலியில் கிறிஸ்தவம் தழுவியவர்களில் மிகப் பெரும்பாலோர் ஊரார் கீழே வைத்திருந்த மக்கள். ஒரு வேளாளப் புலவர் திருமுழுக்குப் பெறுவதென்றால் அம்மக்களோடு ஒரே கூரையின் கீழ் வழிபட வேண்டும். ஒரே பந்தியில் அமர வேண்டும். உறவு முறிந்துபோகும். என் பாட்டி கை நனைக்க மறுத்தது எனக்குச் சிறிய செய்தியாகத் தெரிந்தது. அவர் காலத்தில் அதுவே ஒரு மனிதனின் முழு வாழ்க்கை.

1858 ஏப்ரலில், முப்பது வயதில், சொந்த ஊரை விட்டு வெகுதொலைவு சென்று சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். ஹென்றி ஆல்பிரட் என்பது அப்போது சூட்டப்பட்ட பெயர். கிருஷ்ணன் என்ற பெயரை அவர் கைவிடவில்லை. இரண்டையும் சேர்த்தே எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை என்று கடைசிவரை வழங்கப்பட்டார்.

அவர் அப்படி எதைக் கண்டார்? இதற்காகவே வேதாகமத்தில் சில பகுதிகளை முதன்முறையாகப் படித்தேன். நண்பர்களே, நான் கிறிஸ்தவன் அல்லன். ஆகவே நான் விளங்கிக்கொண்ட அளவில்தான் சொல்கிறேன்.

பழைய ஏற்பாடு எழுதப்பட்ட எபிரேய மொழியில் அறிதலுக்கு யாதா என்ற சொல் உண்டு. அது தகவல் தெரிந்துகொள்வதை மட்டும் குறிப்பதன்று. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் அறியும் நெருக்கத்தையும் அச்சொல்லே குறிக்கிறது. எரேமியா என்னும் தீர்க்கதரிசி, அறிவாளி தன் அறிவையும் செல்வன் தன் செல்வத்தையும் எண்ணிப் பெருமைப்பட வேண்டாம், இறைவனை அறிந்திருப்பதே பெருமை என்கிறார். அவரே இன்னோரிடத்தில், ஏழை எளியவருக்கு நீதி வழங்கிய அரசன் ஒருவனைச் சுட்டி, இறைவனை அறிவது என்பது அதுதான் என்கிறார். புதிய ஏற்பாட்டில் யோவானின் கடிதம், அன்பில்லாதவன் இறைவனை அறியவில்லை என்று முடிவாகவே சொல்லிவிடுகிறது. ஆக, வாயால் சொல்லும் அறிதல் போதாது. அது கையிலும் தெரியவேண்டும்.

என்னை நிறுத்தியது பவுலடியார் எழுதிய ஒரு சிறு திருத்தம். கலாத்தியருக்கு எழுதும்போது, நீங்கள் இறைவனை அறிந்திருக்கிறீர்கள் என்று தொடங்குகிறார். உடனே தம்மைத் தாமே திருத்திக்கொண்டு, உண்மையில் இறைவனால் நீங்கள் அறியப்பட்டிருக்கிறீர்கள் என்கிறார். அறிந்தவன் நான் என்று நெஞ்சு நிமிர்த்த அங்கே இடமில்லை. முதலில் அறிந்தவர் அவர். நமக்கு மிஞ்சுவது நன்றி மட்டுமே.

வைணவத்தில் ஊறிய கிருஷ்ண பிள்ளைக்கு இது முற்றிலும் புதியதாக இருந்திருக்காது என்று தோன்றுகிறது. குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும். பூனைக் குட்டியையோ தாய்தான் கவ்விச் செல்லும். அடியவன் இறைவனைப் பிடித்துக்கொள்வதா, இறைவன் அடியவனைப் பிடித்துக்கொள்வதா என்று வைணவ ஆசாரியர்கள் இந்த இரு குட்டிகளை வைத்து நெடுங்காலம் வாதிட்டவர்கள். சரணாகதியின் மொழி அவருக்குத் தாய்மொழி. அந்த மொழியோடுதான் அவர் கிறிஸ்துவிடம் சென்றார்.

திருமுழுக்கிற்குப் பின் அவர் வாழ்க்கையில் பெரும்பகுதி தமிழ் கற்பிப்பதிலேயே கழிந்தது. சென்னை, சாயர்புரம், பாளையங்கோட்டை, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி என்று ஊர்கள் மாறின, வேலை மாறவில்லை. இவற்றுக்கிடையே அவர் மனத்தைப் பிடித்துக்கொண்டது ஜான் பனியன் எழுதிய ஆங்கில உரைநடைக் கதை. பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் குடும்பத்தில் பிறந்த பனியன், அனுமதியின்றிப் போதித்த குற்றத்திற்காகப் பெட்போர்டு சிறையில் பன்னிரண்டு ஆண்டுகள் கிடந்தவர். முதுகில் பெருஞ்சுமையோடு நாச நகரை விட்டுப் புறப்படும் ஒருவன், சிலுவையின் முன் சுமை கழன்று விழ, விண்ணகரை நோக்கி நடப்பதே 1678இல் வெளிவந்த அந்தக் கதை. அவன் புறப்படும்போது மனைவியும் மக்களும் உடன் வர மறுக்கிறார்கள். அந்த இடத்தைப் படித்தபோது கிருஷ்ண பிள்ளைக்குக் கரையிருப்பு நினைவுக்கு வராமலா இருந்திருக்கும்?

அந்தக் கதையை அவர் மொழிபெயர்க்கவில்லை. தமிழ்க் காப்பியமாகவே புதிதாகப் படைத்தார். நற்போதகம் இதழில் தொடராக வந்து, 1894இல் இரட்சணிய யாத்திரிகம் என்ற நூலானது. ஐந்து பருவங்கள், 3600க்கு மேற்பட்ட பாடல்கள். பனியன் சிலுவையைச் சில வரிகளில் கடந்துவிடுவார். கிருஷ்ண பிள்ளையோ குமார பருவத்தில் கிறிஸ்துவின் பாடுகளையே விரித்துப் பாடி அங்கே நின்றுவிடுகிறார். கதைக்கு இடையிடையே நெஞ்சுருகும் பாடல்களை வைத்து அவற்றுக்குத் தேவாரம் என்றே பெயரிட்டார். நடையில் கம்பன் வருகிறான். உருக்கத்தில் ஆழ்வார்கள் வருகிறார்கள். கிறிஸ்தவக் கம்பர் என்று தமிழுலகம் அவரை அழைத்தது வெறும் உபசாரமன்று. 1899இல் இரட்சணிய மனோகரம் என்னும் பக்திப் பாடல் தொகுதியும் வந்தது. 1900இல் அவர் மறைந்தார். அதே ஆண்டில்தான் போப்பின் திருவாசக ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. வைணவக் குடியில் பிறந்தவர் கிறிஸ்துவைத் தமிழில் பாட, கிறிஸ்தவப் போதகர் ஒருவர் சிவனைப் பாடிய நூலை ஆங்கிலத்தில் தந்தார். இருவரும் சாயர்புரத்தில் ஆசிரியர்களாக இருந்தவர்கள்.

மதம் மாறிய பின்னும் கிருஷ்ண பிள்ளை கம்பனை விட்டுவிடவில்லை. கையோடு அழைத்துச் சென்றார். நான் இடுபணியில் எழுதிய முடிவுரை இது. விரிவுரையாளர் நல்ல புள்ளிகள் கொடுத்தார். ஆனால் எழுதித் தந்துவிட்டால் போதுமா என்ற கேள்வி மறுபடியும் வந்தது. நன்னெறிப் பாடத்தை மனனம் செய்த அதே பழக்கம் அல்லவா இது?

கடந்த தீபாவளி விடுமுறையில் இரட்சணிய யாத்திரிகத்தின் சில பாடல்களை நகலெடுத்துக்கொண்டு மாமா வீட்டிற்குப் போனேன். அவர் கிருஷ்ண பிள்ளையைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவர். நான் படிக்கப் படிக்க, பொருள் கேட்டுக் கேட்டு இரவு பத்து மணிவரை உட்கார்ந்திருந்தார். சில இடங்களில் அவர் விரல் மேசை மீது தாளம் போட்டது. உறுமி அடித்த கை அல்லவா? பாட்டியின் கேள்விக்கு அவர் அன்றும் பதில் சொல்லவில்லை. பவுலடியாரின் திருத்தத்தை நான் சொன்னபோது மட்டும் தலையை ஆட்டிக்கொண்டார்.

அன்று அங்கேயே சாப்பிட்டேன். வீடு திரும்பியதும் பாட்டி என்ன குழம்பு என்று மட்டும் கேட்டார். சொன்னேன். உப்பு சரியாக இருந்ததா என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார். அவர் இன்னும் அந்த வீட்டிற்குப் போகவில்லை.

நான் இப்போதும் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறவன்தான். ஆனால் மாமா தமிழைவிட்டுப் போய்விட்டார் என்று இனி என்னால் சொல்ல முடியாது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மாமாவோ அக்காவோ இருக்கலாம். தேர்வுக்கு மட்டுமன்று, அவர்களோடு அமர்ந்து படிப்பதற்கும் இந்தக் காப்பியம் உதவும். ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.