மௌனங் கற்ற இராக்குயில்

சிற்பி செதுக்கிய உருவம் அவனுக்குப் பின்னும் நிற்கும். புலவன் யாத்த பாட்டு ஏட்டில் வாழும். பாடுவோர் குரலோ, ஒலிப்பதிவுக் கருவி தோன்றாத காலத்தில், கேட்டவர் நினைவோடு மறைந்தொழிந்தது. அங்ஙனம் மறைந்த குரலுக்குரியவரே சுவீடன் தேசத்து இராக்குயில் எனப் போற்றப்பட்ட ஜெனி லிண்ட் அம்மையார். குரல் மறைந்தும் அவரை உலகம் மறவாமைக்குக் காரணம் யாது? அவர்தம் வரலாறே விடை பகரும்.

ஸ்ரொக்ஹோம் நகரில் 1820 ஆம் ஆண்டு ஒக்டோபர் 6 ஆந் திகதி அவர் பிறந்தார். பெற்றோர் அப்போது மணஞ் செய்துகொண்டவரல்லர். தாயார் சிறுமியர்க்குப் பாடஞ் சொல்லிப் பிழைத்து வந்தார். ஒன்பது வயதில் ஜெனி சாளரத்தருகிருந்து தம் பூனைக்குப் பாடியதை வழிச்சென்ற பணிப்பெண் ஒருத்தி கேட்டு, நாட்டியக்காரியாகிய தன் தலைவிக்கு அறிவித்தாள் என்பர். அதன் பயனாக அரச அரங்கின் பயிற்சிப்பள்ளி அவரை ஏற்றது. 1838 இல் வேபர் இயற்றிய இசைநாடகமொன்றில் அகாதே என்னும் பாத்திரமேற்றுப் பாடிப் பெரும்புகழ் பெற்றார்.

புகழோடு கேடும் வந்தது. ஓய்வின்றிப் பாடியமையாற் குரல் நைந்தது. 1841 இல் பாரிசு சென்று மனுவேல் கார்சியா என்னும் பேராசானை அடைந்தார். அவர் கேட்டு ஆராய்ந்து, குரல் கெட்டுவிட்டதென்றும், சில வாரங்களுக்கு வாய்திறந்து பாடுதலாகாதென்றும் விதித்தார். தாய்நாடு முழுவதும் கொண்டாடிய இருபது வயதுப் பாடகிக்கு இதனினுங் கொடிய விதி வேறுண்டோ? ஜெனி பணிந்து ஏற்றார். அம்மௌனத்தின் பின் மூச்சையும் சுரத்தையும் அடிநிலையிலிருந்தே பயின்று, 1842 இல் தாயகம் மீண்டு, நோர்மா என்னும் இசைநாடகத்திற் புதுக்குரலோடு தோன்றினார்.

ஆசிரியத் தொழிலில் ஆண்டு பல கழித்த யான் அவர் வரலாற்றிற் பெரிதும் மதிப்பது இதனையே. பாடு என ஏவும் ஆசிரியர் பலர். பாடாதிரு எனச் சொல்லும் ஆசானும் அதற்கு அமையும் மாணவரும் அரியர்.

1847 மே 4 ஆந் திகதி இலண்டன் மேடையில் அவர் முதன்முறை பாடியபோது விக்டோரியா மகாராணியாரும் வந்து கேட்டார். ஆயினும் 1849 இல், இருபத்தெட்டு வயதில், புகழின் உச்சியில் நின்றவாறே இசைநாடக மேடையை அவர் துறந்தார். பின்னர்த் தனிக் கச்சேரிகளிலேயே பாடினார். ஒருமுறை மௌனங் கற்றவர்க்கு இத்துறவு இயலாததன்று போலும்.

1850 இல் பார்னம் என்னும் காட்சி வணிகர் அவரை அமெரிக்காவுக்கு அழைத்தார். நுழைவுச்சீட்டுகள் ஏலத்தில் விற்கப்பட்டன. நியூயோர்க்கின் முதற்கச்சேரிக்குரிய சீட்டொன்று 225 டொலர் பெற்றது. அவ்வணிகர்க்காக 93 கச்சேரிகள் பாடிப் பெரும்பொருள் ஈட்டிய அம்மையார், அதனிற் பெரும்பகுதியைச் சுவீடனிலுள்ள இலவசப் பாடசாலைகள் முதலாய அறங்களுக்கு ஈந்தார்.

நண்பராகிய மெண்டல்சோன் என்னும் இசைப்பெரியார் இவர் குரலை மனத்திற்கொண்டு எலியா என்னும் சமய இசைக்கோவையின் ஒரு பகுதியை அமைத்திருந்தார். அவர் 1847 இல் மறைந்தார். மறு ஆண்டு அக்கோவையை இலண்டனிற் பாடி, ஆயிரம் பவுண் திரட்டி, அவர் பெயரால் இளம் இசைஞர்க்கு உபகாரச் சம்பளம் ஏற்பட வழிசெய்தார். 1856 இல் அதனை முதலிற் பெற்ற சிறுவன் ஆதர் சலிவன் பிற்காலத்தில் ஆங்கில நாட்டின் புகழ்மிக்க இசையமைப்பாளரானார்.

1852 இல் ஒற்றோ கோல்ட்ஸ்மித் என்னும் இசைஞரை மணந்த அம்மையார், பின் இங்கிலாந்தில் வாழ்ந்து, 1883 இல் தொடங்கிய அரச இசைக்கல்லூரியிற் பேராசிரியையாய் அமர்ந்து மாணவியரைப் பயிற்றினார். 1887 நவம்பர் 2 இல் மோல்வேண் குன்றுப் பகுதியில் உயிர் நீத்தார். 1894 இல் வெஸ்ட்மினிஸ்ரர் தேவாலயத்தில் அவர்க்கு நினைவுச்சின்னம் அமைக்கப்பட்டது. 1996 இல் சுவீடன் தன் ஐம்பது குரோனர் தாளில் அவர் உருவைப் பொறித்தது.

அம்மேடைக் குரலை இன்று கேட்பார் இலர். அதன் விலையாக வந்த பொருள் ஏழைப்பிள்ளைகளுக்குக் கல்வியாயிற்று, இளைஞனொருவனுக்கு இசையாயிற்று. கார்சியாவிடம் கற்ற பாடமோ அவர்தம் மாணவியர்க்குச் சென்றது. பூனைக்குப் பாடிய ஏழைச்சிறுமி தான் பெற்றதைத் தன்னோடு கொண்டு செல்லவில்லை. அதுவே அவர் நிலைத்தற்குக் காரணம்.