தானே பயின்ற இசைப்புலவர் டெலமன்

ஜெர்மனி தேசத்து இசைவாணர்களுள் பாக் என்பாரையும் ஹாண்டெல் என்பாரையும் அறிந்தார் பலர். அவ்விருவர்க்கும் நண்பராய், தம் காலத்து ஜெர்மனியில் பாக்கினும் மிகுதியாகப் புகழப்பெற்ற கேயோர்க் பிலிப் டெலமன் என்பாரை அறிந்தார் சிலரே. அவர் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்கட்கு, சிறப்பாகத் தாய்மார்கட்கு, ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

இவர் 1681ஆம் ஆண்டு மாக்டபர்க் நகரில் பிறந்தார். தந்தையார் கிறிஸ்தவக் குருமார் வகுப்பினர். மகனுக்கு நான்கு வயதாகும்போதே மறைந்தார். பள்ளி ஆசிரியர் ஒருவர் சிறிது வாய்ப்பாட்டுக் கற்பித்தார். விசைக்கருவி பயில வேறொருவரிடம் சென்ற சிறுவர், அவர்தம் பழம்போக்கு முறை மனத்துக்கு இசையாமையால் இரு வாரங்களில் நின்றுவிட்டார். இவையன்றி அவர் பெற்ற பாடம் இல்லை எனலாம். குழலும் வயலினும் சிதர் என்னும் நரம்புக்கருவியும் தாமே பயின்றார். பிறர் இயற்றிய இசைப்படிகளைப் பெயர்த்தெழுதி, அவற்றின் நுட்பங்களை உய்த்துணர்ந்தார். பன்னிரண்டாம் வயதில் இசை நாடகம் ஒன்றையே இயற்றிவிட்டார்.

அங்ஙனம் இயற்றியதே வினையாயிற்று. இப்பிள்ளை கழைக்கூத்தனாகவும் ஊர்சுற்றும் பாணனாகவும் கெடுவான் எனச் சுற்றத்தார் அன்னையாரை அச்சுறுத்தினர். அவர் கருவிகளையும் ஏடுகளையும் ஒருங்கே பறித்துக்கொண்டார். அவ்வம்மையாரைப் பழிக்க நாம் ஒருப்படோம். கணவனை இழந்தவர், மகனுக்கு நிலையான உத்தியோகம் வேண்டுமென்று கருதினார். ஒரு மாணவன் கையிலிருந்த புல்லாங்குழலை, அவன் தந்தையார் வேண்டியதற்கிணங்க, நாமே வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டியதுண்டு. அதனை இன்று நினைப்பினும் நம் மனம் கூசுகின்றது.

சிறுவரோ இரவல் கருவிகளைக்கொண்டு, ஆளரவமற்ற இடங்களில், இரவில் மறைந்து பயின்றார். அதன்மேல் அன்னையார் அவரை மலைப்பாங்கான செல்லர்பெல்ட் என்னும் ஊருக்குக் கல்வி கற்க அனுப்பினார். அங்கு இசை எட்டாது என எண்ணினார் போலும்! ஆங்கிருந்த கல்வித் தலைவர் கால்வோர் என்பாரோ, இசைக்கும் கணிதத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்பவர். அவர் சிறுவரைத் தடுத்திலர், ஊக்கினார். பின்னர் ஹில்டெஸ்ஹைம் பள்ளியில் பயின்ற காலத்து, ஓபோ முதலிய ஊதுகருவிகளையும் நரம்புக்கருவிகள் பலவற்றையும் தாமே கைவரப் பெற்றார்.

1701இல், இனி இசையைக் கைவிடுவேன் என அன்னையார்க்கு உறுதியளித்துக் கருவிகளை வீட்டிலேயே விட்டு, சட்டம் பயில லைப்ஸிக் சென்றார். ஆயினும் பெட்டியுள் பாசுரம் ஒன்றின் இசையமைப்பு எவ்வாறோ கிடந்தது. உடனுறைந்த மாணவர் அதனைக் கண்டெடுக்க, அது தாமஸ் தேவாலயத்தில் பாடப்பெற்றது. கேட்ட நகரத் தலைவர், இரு வாரங்கட்கு ஒருமுறை புதிதாக இயற்றித் தருமாறு ஊதியத்துடன் பணித்தார். அப்பொழுது டெலமன், தம் செலவிற்கு அன்னையார் விடுத்த பணத்தைத் திருப்பியனுப்பி உண்மையைத் தெரிவித்தார். அவ்வம்மையாரும் மனம் நெகிழ்ந்து ஆசி அளித்தார். இவ்வரலாற்றில் நம் நெஞ்சை மிக உருக்குவது இவ்விடமே.

பின் நிகழ்ந்தவற்றை விரைந்து கூறுவோம். சோராவு அரசவையில் இருந்தபோது போலந்து நாட்டுச் சிற்றூரார் பைக்குழலும் வயலினும் இசைக்கக் கேட்டு, அந்நாட்டு மெட்டுக்களைத் தம் இசையில் தயங்காது கலந்தார். பிரபுக்கள் பலர் இழித்த இசை அது! 1711இல் முதல் மனைவியார் மகவு ஈன்றபின் மறைந்தார். 1721இல் ஹாம்பர்க் நகரின் ஐந்து பெருந்தேவாலயங்கட்கும் இசைத்தலைவராய் அமர்ந்து, பள்ளியிலும் இசை பயிற்றினார். நம்மைப்போல் ஆசிரியத்தொழிலும் பூண்டவர் என்பதில் நமக்குச் சிறிது பெருமையே. மறுஆண்டு லைப்ஸிக் நகரத்தார் அவரை வேண்ட, ஹாம்பர்க் நகரத்தார் ஊதியத்தை உயர்த்தி நிறுத்திக்கொண்டனர். லைப்ஸிக் பதவி 1723இல் பாக்குக்குக் கிடைத்தது.

இசைப்படிகளைத் தம் கையாலேயே உலோகத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு விற்றார். 1728இல் இசைக்கெனவே ஓர் இதழும் தொடங்கினார். 1733இல் வெளியிட்ட விருந்திசைத் தொகுதிக்கு முன்பணம் செலுத்தியவர் 206 பேர். அவருள் ஹாண்டெலும் ஒருவர். அவர் இயற்றியவை மூவாயிரத்துக்கு மேற்பட்டன என்பர். இத்துணை மிகுதியே குறையாகி, பிற்காலத்தார் அவரை எளிதாக மதித்தனர். அஃது அறமன்று என்பது நம் கருத்து.

இரண்டாம் மனைவியார் சூதாடிப் பெருங்கடன் வைத்தார். நண்பர்கள் பொருள் திரட்டி உதவினர். முதுமையில் டெலமன் தோட்டம் வளர்ப்பதில் ஈடுபட, ஹாண்டெல் இங்கிலாந்திலிருந்து அரிய செடிகளை அனுப்பினார். கண்ணொளி குன்றியும் எழுதுகோலை வைத்தாரல்லர். ஈனோ என்னும் இசைப்படைப்பை இயற்றிய 1765இல் அவர்க்கு வயது எண்பத்து நான்கு. 1767 ஜூன் 25இல் ஹாம்பர்க்கில் உயிர்நீத்தார். அவர் வகித்த பதவிக்கு, அவரே ஞானத்தந்தையாய் நின்ற பாக்கின் மைந்தர் இமானுவேல் மறுஆண்டு வந்து சேர்ந்தார்.