நெல்லைச் சீமை முதல் பேலம் குகை வரை... பாறைகளைப் படித்த புரூஸ் ஃபூட் யார்?

சீசனுக்கு குற்றாலம் போனவங்க யோசிச்சிருப்பீங்க. வருஷக்கணக்கா இவ்வளவு தண்ணி கொட்டுது, ஆனா பாறையில கல் விழுதுகள் எதுவும் தொங்கலையே, ஏன்? காரணம், பாறையின் ரகம். குற்றாலத்தில் இருப்பது தண்ணீரில் எளிதில் கரையாத கடினப் பாறை. கல் விழுது வளர சுண்ணாம்புப் பாறை வேண்டும்.

இந்த இரண்டு வகை நிலங்களிலும் வேலை பார்த்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1834-ல் இங்கிலாந்தில் பிறந்தவர், 1858-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். தமிழறிஞர் பீட்டர் பெர்சிவலின் மருமகன்.

பல்லாவரத்தில் என்ன நடந்தது?

1863 மே 30. பல்லாவரத்தில் அவர் கண்ணில் ஒரு கல் பட்டது. அது சாதாரணக் கல் இல்லை, ஆதிமனிதர் செதுக்கிய கைக்கோடரி. இந்தியாவின் கற்கால ஆய்வு தொடங்கியதே அங்கேதான். தென்காசியும் அடங்கிய அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் நிலவியல் பற்றிய அவரது நூல் 1883-ல் வெளியானது.

குகைக்குள் ஏன் போனார்?

அடுத்த ஆண்டே ஆந்திராவின் கர்னூல் பக்கம் போனார். பேலம் குகையைப் பதிவு செய்தார். பில்லா சுர்கம் குகைகளில் அவரும் மகன் ஹென்றியும் தோண்டியதில் ஏராளமான விலங்கு எலும்புகள் கிடைத்தன.

கல் விழுது எப்படி வளருது?

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது சுண்ணாம்புப் பாறையைக் கரைத்தபடி கீழே இறங்கும். குகைக்குள் சொட்டும்போது அந்த வாயு வெளியேற, கரைந்திருந்த சுண்ணாம்பு படிந்துவிடும். போர் தண்ணி பிடிக்கிற பக்கெட்டில் வெள்ளைக் கறை படியுதே, கிட்டத்தட்ட அதே கதைதான். மேலிருந்து தொங்குவது ஸ்டாலக்டைட், தரையிலிருந்து எழுவது ஸ்டாலக்மைட்.

வளர்ச்சி ரொம்ப மெதுவு. பொதுவாக ஆண்டுக்கு சுமார் 0.1 மி.மீ. அப்படிப் பார்த்தால் ஒரு விரல் நீளத்துக்கே பல நூறு ஆண்டுகள். குகைத் தரையில் படியும் சுண்ணாம்பு, அடியில் உள்ள எலும்புகளை மூடியும் காக்கும். செல்ஃபிக்காக ஒன்றை உடைத்தால் போவது வெறும் கல் இல்லை, பழைய மழையின் கணக்கும் சேர்ந்துதான்.

1891-ல் ஓய்வு பெற்ற பிறகும் ஃபூட் தேடலை நிறுத்தவில்லை. அவர் சேகரித்த தொல்பொருட்களை 1904-ல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. 1912-ல் காலமானார். அவரது நினைவிடம் ஏற்காடு தேவாலயத்தில் இருக்கிறது. அடுத்த ட்ரிப் அங்கே என்றால், ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க!